வேலை வாரத்துக்குக் கரை கட்டுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில், காரணம் சொல்ல முடியாத ஒரு கனம் பலருக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. மறுநாள் காலை வரை எவரும் எதையும் கேட்கப் போவதும் இல்லை. ஆனாலும் விடுமுறை அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டதைப் போலத் தோன்றுகிறது. வேலை வாரத்தைச் சற்று மகிழ்ச்சியாகக் கழிப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த மாலைப் பொழுதிலிருந்துதான் தொடங்குவேன். வேலை செய்யும் மணி நேரங்கள் மட்டுமே நம்மைச் சோர்வாக்குகின்றன என்றால், வேலையே செய்யாத அந்த ஞாயிறு மாலை நன்றாக இருந்திருக்க வேண்டுமே.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. இரவுக்கு 8 மணி நேரம் தூக்கம் என்று 56 மணி நேரத்தைக் கழித்து, வேலைக்கு 48, போய்வருவதற்கு 10 என்று கொடுத்த பிறகும் 54 மணி நேரம் மிஞ்சுகிறது. குளிப்பது, சமைப்பது, துவைப்பது, வீட்டாரைக் கவனிப்பது ஆகியவற்றுக்கு அதில் பாதியைத் தாராளமாக ஒதுக்கினாலும் 27 மணி நேரம் கையில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பாததிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் அந்த 27 மணி நேரமும் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நொறுங்கி, ஒவ்வொரு துண்டிலும் வேலையைப் பற்றிய நினைவு ஒட்டிக்கொண்டுதான் நம் கைக்கு வந்து சேர்கிறது. கரை இல்லாத நீர் ஆழமும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் ஊரெங்கும் பரவி நிற்பதைப் போல, வேலை வாரம் முழுவதும் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நிற்கிறது. ஆகவே கீழே சொல்லும் வழிகள் யாவும் அந்தக் கரையைக் கட்டுவதற்கானவை. வேலையின் அளவைக் குறைப்பது எல்லோர் கையிலும் இல்லை என்றாலும், அது எங்கே முடிய வேண்டும் என்பதில் பெரும்பாலானோருக்கு அவர்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான அதிகாரம் உண்டு.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வைப்பது

எதையும் திருத்துவதற்கு முன்னால், ஒரு வாரம் முழுவதும் நடப்பதை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். இதற்கென்று செயலி எதுவும் தேவையில்லை. சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடு போதும். செயலியைத் திறக்கக் கைபேசியைத் திறக்க வேண்டும், கைபேசியைத் திறந்தால் அங்கே வேறு பத்து விஷயங்கள் வரிசையில் நிற்கும் என்பதால் காகிதமே மேல் என்பது என் கருத்து. மணிக்கு ஒருமுறை, கடந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதை நாலைந்து சொற்களில் எழுதி, அது முடிந்தபோது உற்சாகம் கூடியிருந்ததா குறைந்திருந்ததா என்பதை ஒரு கூட்டல் குறியாலோ கழித்தல் குறியாலோ காட்டுங்கள். நடுவில் மூன்று மணி நேரம் எழுத மறந்துவிட்டால் அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவிடலாம், ஏனெனில் பின்னால் நினைவிலிருந்து நிரப்பும்போது நடந்ததை விட்டுவிட்டு நடந்திருக்க வேண்டியதை எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

நான் முதன்முதலில் இப்படி எழுதிய வாரத்தின் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை 9 மணிக்கு நேராக ‘அறிக்கை’ என்று எழுதி, அதையே 10, 11, 12 மணிகளுக்கு நேராகவும் எழுதியிருக்கிறேன். நான்கு கட்டங்களிலும் கழித்தல் குறி. பக்கத்தின் ஓரத்தில், மின்னஞ்சலைத் திறந்து பார்த்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிறு கோடு. எண்ணினால் 23 கோடுகள். பிற்பகல் 4 மணிக்கு, புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கணக்குத் தாள் ஒன்றை விளக்கிச் சொன்ன இடத்தில், அந்த வாரத்தின் முதல் கூட்டல் குறி இருக்கிறது. என் வேலையில் எனக்குப் பிடித்தது எது என்று அதற்கு முந்தைய நாள் யாராவது கேட்டிருந்தால் நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதை என் நேரத்தைத் தின்னும் தொந்தரவு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தவறான கணிப்பு எனக்கு மட்டும் உரியதன்று. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் அவருடைய சக ஆய்வாளரும் 1989இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பணிக்குச் செல்வோரிடம் ஒலியெழுப்பும் சிறு கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நொடியின் மனநிலையைக் குறித்துவைக்கச் செய்தார்கள். திறமைக்கு ஈடான சவாலில் முழுமையாக ஈடுபட்டிருந்த தருணங்கள், ஓய்வுப் பொழுதைக் காட்டிலும் வேலை நேரத்திலேயே அதிகம் பதிவாயின. வியப்பு என்னவென்றால், அதே வேலை நேரத்தில்தான் ‘இதை விட்டுவிட்டு வேறெதையாவது செய்துகொண்டிருந்தால் தேவலை’ என்ற விருப்பமும் அதிகம் பதிவானது. அனுபவம் ஒன்றைச் சொல்ல, எண்ணம் வேறொன்றைச் சொல்லும் இந்த இடத்தில் எழுதிவைத்த குறிப்பேட்டை நம்புவதே நல்லது.

வாரம் முடிந்ததும் அதை உட்கார்ந்து படியுங்கள். கூட்டல் குறிகள் எந்தச் செயலைச் சுற்றி, யாருடன் இருக்கும்போது, எந்த நேரத்தில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். கழித்தல் குறிகளைப் பார்க்கும்போது, வேலையின் கடினத்தால் வந்தவை எவை, வேலை துண்டு துண்டாக அறுபட்டதால் வந்தவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வகையே அதிகம் இருக்கும், திருத்துவதற்கு எளிதானதும் அதுவே.

வேலை நாளை முடித்துவைக்கும் 15 நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வழியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். வேலை நாளின் கடைசி 15 நிமிடத்தை வேலை செய்வதற்குப் பயன்படுத்தாமல், வேலையை முடித்துவைப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

இதன் பின்னணி பழையது. பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்த ப்ளூமா ஸைகார்னிக், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்றவையே நினைவில் அதிகம் நிற்கின்றன என்று 1927இல் எழுதினார். நினைவைப் பற்றிய அவருடைய முடிவைப் பிற்காலச் சோதனைகள் எல்லாம் உறுதிப்படுத்திவிடவில்லை. ஆனால் பாதியில் விட்ட காரியம் மனத்தை மீண்டும் மீண்டும் தன் பக்கம் இழுக்கிறது என்பது எந்த ஊழியருக்கும் தெரிந்த உண்மை. நமக்கு உதவக்கூடிய செய்தி 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. முடிக்காத வேலை மனத்தை அரிக்காமல் இருப்பதற்கு அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எப்படி அதைச் செய்யப் போகிறோம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டாலே அரிப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். மனம் ஒரு கண்டிப்பான கணக்காளரைப் போன்றது. பணத்தை உடனே கேட்பதில்லை, தேதி போட்ட ரசீது கொடுத்தால் போய்விடுகிறது.

அந்த ரசீதை எழுதும் முறை இது. முதலில், தலையில் சுற்றிக்கொண்டிருக்கும் பாக்கிகளையெல்லாம் வரிசை பார்க்காமல் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். எழுத முடியாதவற்றுக்கு ‘இந்த வாரம் இல்லை’ என்று எழுதினாலும் அது ஒரு தீர்மானமே. அடுத்து, மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்ததும் செய்யப்போகும் முதல் காரியத்தை, அதிலும் அதன் முதல் அசைவை எழுதுங்கள். ‘அறிக்கையை முடிக்க வேண்டும்’ என்று எழுதினால் மறுநாள் காலை அது மிரட்டும். ‘மூன்றாம் பக்கத்து அட்டவணையில் ஜூன் மாத எண்களைச் சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதினால் கை தானாகப் போய் அந்தப் பக்கத்தைத் திறக்கும். கடைசியாக, திறந்திருக்கும் சன்னல்களையெல்லாம் கணினியில் மூடி, மேசையைத் துடைத்து, வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமாக உடலால் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். பேனாவுக்கு மூடி போடுவதாக இருக்கலாம், விளக்கை அணைப்பதாக இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு இந்தக் கடைசி அசைவு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. மடிக்கணினியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, தெருவை ஒருமுறை சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைவது வேடிக்கையாகத் தோன்றினாலும் பலன் தருகிறது.

இரவில் படுத்த பிறகு வேலை நினைவு வருகிறவர்கள் இதன் சிறிய வடிவம் ஒன்றைப் படுக்கையருகிலும் செய்யலாம். மைக்கேல் ஸ்கல்லின் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட சோதனையில், 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் அதுவரை செய்து முடித்த வேலைகளையும், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள், அதிலும் பட்டியல் விவரமாக இருந்தவர்களுக்கு இன்னும் விரைவில் தூக்கம் வந்தது. சிறிய சோதனைதான், ஆனால் இதைச் செய்து பார்க்க ஒரு பென்சிலுக்கு மேல் செலவில்லை.

இந்த முடித்துவைத்தலை நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம் ஒரு தோள்பை. சில ஆண்டுகள், வெள்ளிக்கிழமைதோறும் மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்து வந்துகொண்டிருந்தேன், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாக்கியை முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில். பை கதவுக்குப் பக்கத்தில், செருப்பு வைக்கும் இடத்தின் மேல் இருக்கும். சனிக்கிழமை அதைத் தாண்டி வெளியே போவேன். ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டி உள்ளே வருவேன். திங்கட்கிழமை காலையில் ஜிப்பைக்கூடத் திறக்காமல் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். வேலையும் நடக்கவில்லை, விடுமுறையும் நடக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை மாலை எனக்கு நானே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: எந்த மணிக்கு இதைத் திறக்கப் போகிறேன்? மணி சொல்ல முடிந்தால் பை வீட்டுக்கு வரும், சொல்ல முடியாவிட்டால் அலுவலகத்திலேயே இருக்கும்.

நேரத்தைப் பற்றி மேலதிகாரியிடம் பேசுவது

கரை கட்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து நீர் தள்ளிக்கொண்டே இருந்தால் தனி ஒருவர் எவ்வளவு தாங்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. உழைப்பு நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்பது சோம்பேறிகளின் கோரிக்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு நாளை எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்ற முழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ராபர்ட் ஓவன், தாமே ஓர் ஆலையை நடத்தியவர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் ஏற்ற முதல் உடன்படிக்கையே தொழிற்கூடங்களில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைப் பற்றியது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்காவெல் மீண்டும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை வேலை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் கூட்டிய மணி நேரங்களின் பலன் குறைந்துகொண்டே போய், 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. உடலுக்கு நேர்வது இன்னும் கடுமையானது. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதலாக இருக்கிறது.

இந்த எண்களைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைக்கச் சொல்லவில்லை. அது வாதமாக முடியும். அவரிடம் வரம்பைக் கேட்பதைவிட, வரிசையைக் கேட்பது எளிது. ‘ஐயா, இந்த வாரம் என் கையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டை ஒழுங்காக முடிக்க முடியும். எந்த இரண்டு முதலில் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், மூன்றாவதை அடுத்த புதன்கிழமை கொடுத்துவிடுகிறேன்’ என்று திங்கட்கிழமையே சொல்லிப் பாருங்கள். இதையே வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் சாக்கு என்று கேட்கும், திங்கட்கிழமை சொன்னால் திட்டம் என்று கேட்கும். மாலையில் வரும் செய்திகளைப் பற்றியும் இப்படித்தான் பேச வேண்டும். ‘ஏழு மணிக்கு மேல் நான் செய்திகளைப் பார்ப்பதில்லை, உண்மையிலேயே அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள், எடுத்துவிடுவேன்’ என்று ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு மற்றதை மூடினால், பெரும்பாலான மேலதிகாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அழைப்பு என்றால் யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள், குறுஞ்செய்தி என்றால் யோசிப்பதே இல்லை.

சில நாடுகளில் சட்டமே துணைக்கு வந்திருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச்சு நடத்தியாக வேண்டும். அத்தகைய சட்டமோ, காது கொடுக்கும் மேலதிகாரியோ இல்லாத இடத்தில் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. அங்கே உடன் பணியாற்றுவோர் சேர்ந்து கேட்பதே பலன் தரும், அதுவும் முடியாதபோது வேறு வேலை தேடுவதும் இந்த வழிகாட்டியின் ஒரு பகுதியே.

வேலைக்குள்ளேயே இன்பம்

வேலையை ஒழுங்காக முடித்துவைத்தால் மட்டும் அது இனிக்கத் தொடங்கிவிடாது. தெரசா அமபைலும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோது, நல்ல நாளையும் மோசமான நாளையும் பிரித்துக் காட்டிய காரணங்களில் முதலிடம், பொருளுள்ள வேலையில் ஓர் அடியேனும் முன்னே நகர்ந்தோம் என்ற உணர்வுக்குக் கிடைத்தது. பாராட்டும் ஊக்கத்தொகையும் முக்கியம் என்று நினைத்திருப்போம். அன்றாட மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது நகர்வுதான். ஆகவே நாளின் தொடக்கத்தில், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்னால், ஒரு மணி நேரத்தை ஏதாவது ஒரு வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி நகர்த்துவதற்கு ஒதுக்குங்கள். காலை முழுவதும் கூட்டங்கள் என்றால் பிற்பகலில் ஒதுக்கலாம், ஆனால் ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டு வந்து இரண்டாவதைக் கெடுக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009இல் காட்டியிருக்கிறார். என் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் நான்கு கழித்தல் குறிகளுக்கும் ஓரத்திலிருந்த 23 கோடுகளுக்கும் உள்ள உறவு எனக்கு அதன் பிறகே விளங்கியது.

இதற்கு அடுத்த படி, இருக்கும் வேலையையே கொஞ்சம் நம் கைக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் இதைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள். ஒரே பணி விவரம் கொண்டவர்களில் ஒரு சாரார் தரையைச் சுத்தம் செய்வதே தம் வேலை என்று கருதினார்கள். மற்றொரு சாரார் நோயாளிகளோடும் பார்வையாளர்களோடும் பேசி, அவர்களுக்குத் தேவையானதைக் கவனித்து, குணப்படுத்தும் பணியில் தமக்கும் பங்கு இருப்பதாகக் கருதினார்கள். வேலையில் அதிக நிறைவு கண்டவர்கள் இரண்டாவது சாரார். கவனிக்க வேண்டியது, இவர்கள் வெறுமனே எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நாளில் செய்யும் செயல்களையே சற்று மாற்றிக்கொண்டார்கள். உங்கள் குறிப்பேட்டில் கூட்டல் குறி விழுந்த செயலை வாரத்துக்கு இன்னும் ஒருமுறை செய்ய வழியிருக்கிறதா என்று பாருங்கள். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு ஈடாக, இன்னொருவருக்குப் பிடித்ததும் எனக்கு வேம்பாகக் கசந்ததுமான மாதாந்தரப் பட்டியல் வேலை கைமாறியது.

இடைவேளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 நிமிடத்துக்குள் அடங்கும் சிறு இடைவேளைகள் களைப்பைக் குறைத்து உற்சாகத்தைக் கூட்டுகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உறுதிப்படுத்துகிறது. எழுந்து நடங்கள், ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாறுவதை இடைவேளை என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

கரைக்கு அப்பால் இருக்கும் பொழுது

மாலை நேரம் காலியாகக் கிடைத்தாலே ஓய்வு வந்துவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். சபீனே சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் ஆகியோர் 2007இல் வகுத்தபடி, வேலைக் களைப்பிலிருந்து மீள்வதற்கு உதவும் அனுபவங்கள் நான்கு: மனத்தால் வேலையிலிருந்து விலகுவது, உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுவது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, பொழுதை என்ன செய்வது என்பது நம் விருப்பத்தில் இருப்பது. இவற்றில் இளைப்பாறுவதை மட்டுமே நாம் ஓய்வு என்று அழைக்கிறோம். மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். களைத்து வந்த ஒருவர் மேலும் ஒரு முயற்சியை மேற்கொண்டால் களைப்பு கூடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நீச்சல் கற்றுக்கொள்ளும்போதோ, ஒரு வாத்தியத்தில் தடுமாறும்போதோ, புது மொழியில் வாக்கியம் அமைக்கும்போதோ வேலையை நினைக்க மனத்தில் இடமே இருப்பதில்லை. விலகு என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது விலகாது, பிடித்துக்கொள்ள வேறொன்றைக் கொடுத்தால் பழையதை விட்டுவிடுகிறது.

இதை வாரத்தின் நடுவில், புதன்கிழமையோ வியாழக்கிழமையோ வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நமக்கு நாமே கொடுத்த வாக்கை முதல் காலக்கெடுவிலேயே காற்றில் விட்டுவிடுகிறோம், வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது அப்படி விட மனம் வருவதில்லை. ‘வியாழன் மாலை ஆறரை மணிக்கு இறகுப்பந்து’ என்று நாள்காட்டியில் எழுதிவிட்டால், வியாழக்கிழமைக் கூட்டங்கள் தாமாகவே ஆறு மணிக்குள் முடியத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள்.

ஓய்வு நாள் மற்றவர்களோடு பகிர்ந்ததாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் ஒரு விசித்திரமான சோதனை இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1929இல், இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக, ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டு ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. ஐந்து நாளைக்கு ஒருமுறை அந்தந்த நிறத்தவருக்கு ஓய்வு. கணக்குப்படி, ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தவர்களுக்கு முன்பைவிட அதிக விடுமுறை. ஆனால் கணவருக்கு ஒரு நிறம், மனைவிக்கு இன்னொரு நிறம், நண்பருக்கு வேறொன்று என்று ஆனபோது அந்த விடுமுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மக்கள் கசந்துபோனார்கள். 1931இல் அந்தச் சுழற்சி கைவிடப்பட்டு எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு கூடிய ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் பழைய ஏழு நாள் வாரமே திரும்பிவிட்டது. இன்று ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். அவர்கள் அடுத்த மாத அட்டவணை கைக்கு வந்த அன்றே, வீட்டாரின் விடுமுறையோடு ஒத்துப்போகும் நாள்களை, இரண்டே இரண்டு நாள்களாக இருந்தாலும், வட்டமிட்டு அவற்றை வேறெதற்கும் கொடுக்காமல் காப்பதே அந்த மாதத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

வார இறுதியைப் பொறுத்தவரை, அதைக் கெடுப்பவை பெரும்பாலும் ஐந்து நாள்களாகச் சேர்த்து வைத்த வீட்டு வேலைகள். துவைப்பதையும் பொருள் வாங்குவதையும் செவ்வாய், வியாழன் மாலைகளில் அரை மணி நேரமாகப் பிரித்துப் போட்டால் சனிக்கிழமை காலை பிழைத்துக்கொள்ளும். தூக்கத்திலும் இதே கதைதான். விடுமுறை நாள்களில் மூன்று மணி நேரம் தாமதமாக எழுந்து, திங்கட்கிழமை மீண்டும் பழைய நேரத்துக்கு உடலை இழுப்பது, விமானம் ஏறாமலேயே தொலைதூரப் பயணத்தின் தடுமாற்றத்தை அனுபவிப்பதாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு வராமல் பார்த்துக்கொண்டால், திங்கட்கிழமை காலையின் எரிச்சலில் ஒரு பங்கு குறையும்.

ஞாயிறு மாலைக்கு வருவோம். அந்த நேரத்தை வெறுமையாக விட்டால் திங்கட்கிழமை முன்கூட்டியே வந்து அதை நிரப்பிவிடுகிறது. ஆகவே வாரத்திலேயே மிகவும் பிடித்த காரியத்தைச் சனிக்கிழமை தீர்த்துவிடாமல் ஞாயிறு ஐந்து மணிக்கு என்று ஒத்திவையுங்கள். திங்கட்கிழமை முற்பகலில் கூட்டம் எதையும் வைக்காமல், வெள்ளிக்கிழமை எழுதிவைத்த அந்த முதல் அசைவுக்கு விட்டுவிடுங்கள். திங்கட்கிழமைக்கென்று சிறியதாக, வேலைக்குத் தொடர்பில்லாத ஓர் எதிர்பார்ப்பும் இருக்கட்டும்: ஒரு நண்பரோடு மதிய நடை, தொடர்ந்து படிக்கும் நாவலின் அடுத்த அத்தியாயம், எதுவானாலும் சரி.

இவையெல்லாம் செய்தும் சோர்வு விலகவில்லை என்றால்

சோர்வு என்பதற்கும், ஆங்கிலத்தில் ‘பர்ன்அவுட்’ எனப்படும் எரிந்து தீர்வதற்கும் வேறுபாடு உண்டு. உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், சமாளிக்கப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் விளையும் நிலை என்று பின்னதை வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: ஆற்றல் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது வெறுப்போ அவநம்பிக்கையோ கொள்வது, செய்யும் பணியில் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணி சார்ந்த நிகழ்வு என்றே குறிப்பிடுகிறது. இந்த மூன்றும் வாரக்கணக்கில் சேர்ந்து நீடித்தால், அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விஷயங்களிலும் ஆர்வம் வற்றிப்போனால், குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்கள், எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் குறிப்பு எழுதுவது, இரண்டாம் வாரம் கடைசி 15 நிமிடம், மூன்றாம் வாரம் வாரநடுவின் ஒரு மாலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆறாம் வாரத்தில் மீண்டும் மணிக்கு ஒருமுறை எழுதிப் பழைய பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குப் பிந்தைய கட்டங்கள், வாரநடு மாலை, ஞாயிறு மாலை ஆகிய மூன்று இடங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். குறி மாறாத இடத்தில் அந்த வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள், தயங்காமல் கைவிடலாம். நான் அதிகாலையில் எழுந்து எனக்கென்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் திட்டத்தை இப்படித்தான் கைவிட்டேன். ஆறு வாரமும் அந்தக் கட்டங்களில் கழித்தல் குறியைத் தவிர வேறெதுவும் விழவில்லை.